டெக்சாஸில் ரைஃபிளும் சப்ரசரும்: படிவங்களைப் பொறுப்போடு கையாளும் ஒரு சிறு கடை பற்றிய மதிப்புரை

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் ஒவ்வொரு படிவத்தையும் வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, புரிந்ததா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கும் கடைகள் குறைவு. ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி நகரத்தை ஒட்டி இருக்கும் அப்படியொரு சிறு கடையில் நான் ஒரு .308 ரைஃபிளையும், பின்னர் அதற்கென ஒரு சப்ரசரையும், அதாவது குழல்முனையில் பூட்டி வெடிச்சத்தத்தைக் குறைக்கும் உருளையையும், வாங்கினேன். இதைப் படிப்பவர்களில் பலர் வேறு மாநிலங்களில் இருப்பீர்கள், உங்களால் இந்தக் கடைக்கு வர இயலாது. எனவே கடையின் பெயரை விட்டுவிட்டு, அது வேலை செய்யும் முறையை விரிவாகச் சொல்கிறேன். உங்கள் ஊர்க் கடையை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியிலும், குறிப்பாகச் சப்ரசரிலும், விலையில் ஐம்பது டாலர் குறைவு என்பதற்காகக் கடையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பொருள் எந்தக் கடையிலும் ஒன்றுதான். வரிசை எண் ஒன்று உங்கள் பெயரில் அரசுப் பதிவேட்டில் ஏறுகிறதே, அது பிழையில்லாமல் ஏறுகிறதா என்பதில்தான் கடைக்குக் கடை வேறுபாடு இருக்கிறது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இன்னும் முழுமையாகக் கைக்கு வராத நம்மவர்களுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. துப்பாக்கி தொடர்பான ஒரு தண்டனை கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றும் காரணமாகக் குடியேற்றச் சட்டத்தில் தனியாகவே குறிக்கப்பட்டிருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது, கல்லாவுக்குப் பின்னால் சட்டமிட்டு மாட்டியிருந்த இரண்டு காகிதங்கள். ஒன்று துப்பாக்கி விற்பதற்கான கூட்டாட்சி உரிமம். மற்றது, சப்ரசர் போன்ற தனிக் கட்டுப்பாட்டுப் பொருள்களை விற்பவர்கள் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய சிறப்புத் தொழில் வரியின் சான்று. முதலாவது மட்டும் இருக்கும் கடையில் சாதாரண ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கி வாங்கலாம். 1934ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வரும் எதையும் வாங்க முடியாது. சப்ரசர்கள், இயந்திரத் துப்பாக்கிகள், 16 அங்குலத்துக்கும் குறைந்த குழல் கொண்ட ரைஃபிள்கள், 18 அங்குலத்துக்கும் குறைந்த குழல் கொண்ட ஷாட்கன்கள் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. இயந்திரத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவானவை பொதுமக்கள் கைக்குச் சட்டப்படி வரவே முடியாது; அதற்கு முன் பதிவானவை பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. அவை என் தேவைக்கு வெளியே இருந்ததால் அதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை.

கடைக்காரர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி எந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதல்ல. நான் எந்தக் குடியேற்ற நிலையில் இருக்கிறேன் என்பதுதான். கேள்வி முகத்தில் அடித்தாற்போல் இருந்தாலும், அவர் காரணத்தை விளக்கியபோது அந்தக் கடையின் மீது எனக்கு மரியாதை கூடியது. ஹெச்-1பி, எல்-1, எஃப்-1, ஹெச்-4 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதை மட்டுமல்ல, வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றுள் நடைமுறையில் பயன்படுவது, ஏதேனும் ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் வேறாகச் சொல்லாதவரை அவர்கள் குடிமக்களைப் போலவே வாங்கலாம்.

நம் குடும்பங்களில் பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று இதில் இருக்கிறது. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவையோ மாமனாரையோ வார இறுதியில் சுடுதளத்துக்கு அழைத்துப் போய், ஆசைக்கு ஒரு முறை சுட்டுப் பார்க்கட்டும் என்று துப்பாக்கியைக் கையில் கொடுப்பதும் சட்டத்தின் பார்வையில் அவர் துப்பாக்கியை வைத்திருந்ததாகிவிடலாம். இந்தக் கடையைச் சேர்ந்த சுடுதளத்தில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் காட்டுபவரிடம் விசா வகையையும், தேவைப்பட்டால் வேட்டை உரிமத்தையும் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். நான் முன்பு போன வேறொரு பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்பவரின் பேச்சை நம்பி நடந்து, பிறகு குடியேற்ற அதிகாரியின் முன்னால் நிற்கப்போவது நாம்தான்.

அடுத்து 4473 எண்ணுள்ள படிவம். உரிமம் பெற்ற எந்த டீலரிடம் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் இதை நிரப்பியாக வேண்டும். சட்டப்படியான முழுப் பெயர், இப்போது குடியிருக்கும் முகவரி, பிறந்த இடம், குடியுரிமை, குற்றப் பின்னணி, போதைப்பொருள் பழக்கம், குடும்ப வன்முறைத் தண்டனை, நீதிமன்றத் தடையுத்தரவு, மனநலத் தீர்ப்பு என்று கேள்விகள் நீளும். தெரிந்தே பொய் சொன்னால் அது தனிக் குற்றம். மரிஜுவானா உங்கள் மாநிலத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்ற எச்சரிக்கை படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. மாநிலம் அனுமதித்த ஒன்றுதானே என்று எண்ணிப் பதில் எழுதுபவர்கள் அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நம் பெயர்கள் இந்தப் படிவத்தில் படும் பாடு தனிக் கதை. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டவர்கள், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தவர்கள், இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் ஏறிவிட்டவர்கள் என நம்மிடையே எல்லா வகையும் உண்டு. நடுப்பெயர் இல்லாவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விடாமல் ‘என்எம்என்’ என்று எழுத வேண்டும். பெயரின் ஒரு பகுதி சட்டப்படியே வெறும் முதலெழுத்தாக இருந்தால், அந்த எழுத்தை அடுத்து ‘ஐஓ’ என்று குறிக்க வேண்டும். இந்த விதி படிவத்தின் பின்பக்கக் குறிப்புகளில் இருக்கிறது, ஆனால் அதைப் படித்துச் சொன்ன ஒரே கடை இதுதான். என் கிரீன் கார்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே பேனாவை என் கையில் கொடுத்தார்கள். பெரிய கடையிலோ இதே கேள்விக்கு ‘ஏதாவது ஒன்றைப் போடுங்கள், கணினி ஏற்றுக்கொள்ளும்’ என்ற பதில்தான் கிடைத்திருந்தது.

முகவரிக்கும் இதே கவனம் தேவை. அடுக்ககம் மாறிய பிறகு ஓட்டுநர் உரிமத்தில் முகவரியை மாற்றாமல் காலம் கடத்துவது நம்மவர்களிடம் சாதாரணம். படிவத்தில் எழுதும் முகவரியும் அடையாளச் சான்றில் இருப்பதும் பொருந்தாவிட்டால், தற்போதைய முகவரியைக் காட்டும் வேறொரு அரசு ஆவணம் வேண்டும். அஞ்சல் பெட்டி எண் செல்லாது. குடியுரிமை இல்லாதவர்கள் குடியேற்றத் துறை தந்த ஏலியன் எண்ணையோ, நாட்டுக்குள் நுழைந்ததைப் பதியும் ஐ-94 எண்ணையோ தவறாமல் எழுத வேண்டும். சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை என்றாலும் கொடுப்பது நல்லது என்று கடைக்காரர் சொன்னார். நானும் அப்படியே நினைக்கிறேன், ஏனெனில் குமார், ராஜன், படேல் போன்ற பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் பதிவேட்டில் நம்மை இன்னொருவரோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். அப்படியும் ஒவ்வொரு முறையும் தாமதம் ஏற்படுமானால், எஃப்பிஐயிடம் விண்ணப்பித்து ஒரு தனி அடையாள எண் பெற்றுக்கொள்ளும் வழி உண்டு. அந்த எண்ணை எழுதுவதற்குப் படிவத்தில் ஒரு கட்டமும் இருக்கிறது.

படிவம் முடிந்ததும் எஃப்பிஐ நடத்தும் உடனடிப் பின்னணிச் சோதனை. இது 1998 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அனுமதி, தாமதம், மறுப்பு என்ற மூன்றில் ஒரு பதில் வரும். தாமதம் என்று வந்து மூன்று வேலை நாள்களுக்குள் இறுதிப் பதில் வராவிட்டால், பொதுவாக டீலர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்பது கூட்டாட்சி விதி. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் சோதனையைச் சேர்த்தது. இந்தக் கடை, பதில் வராமல் எதையும் கையில் கொடுப்பதில்லை என்ற விதியை வைத்திருக்கிறது. அவசரக்காரர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம். எனக்கு இது பெரிய நிம்மதி. பிறருக்காகத் தன் பெயரில் வாங்கித் தருவது, அதாவது பணத்தை நண்பர் கொடுக்க, படிவத்தில் நாம் கையெழுத்திடுவது, பெருங்குற்றம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதற்கு 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. விசாவில் இருக்கும் நண்பன் கேட்கிறான் என்று யாரும் இதற்குத் துணிய வேண்டாம். பிறந்தநாளுக்கு உண்மையான பரிசாக வாங்கிக் கொடுப்பது வேறு, ஆனால் பெறுபவர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுப்பவராக இருக்க வேண்டும்.

இனிச் சப்ரசர். ஒலியை அது அடியோடு ஒழித்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது, அது உண்மையல்ல. ரைஃபிள் வெடிச்சத்தம் 160 டெசிபெலுக்கும் மேலே போகும். நல்ல சப்ரசர் அதிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். ஒற்றை வெடிச்சத்தம் காதுக்கு உடனடித் தீங்கு செய்யும் எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவது 140 டெசிபெல் என்பதால், அந்தக் குறைவு நிரந்தரச் செவித்திறன் இழப்புக்கும் அதைத் தவிர்ப்பதற்கும் இடையிலான வித்தியாசமாக இருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் பாயும் தோட்டா காற்றைக் கிழிக்கும் சத்தத்தைச் சப்ரசர் தடுக்க முடியாது. ஆகவே நான் சப்ரசர் பூட்டியிருந்தாலும் காதடைப்பான் இல்லாமல் சுடுவதில்லை. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர்களும் இரைச்சலைக் குறைத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்குத் தொல்லை கொடுக்காமல் இருக்கவே பெரும்பாலும் இதை வாங்குகிறார்கள்.

கடையில் மாதிரிக்கு வைத்திருந்த சப்ரசர்களைக் கையில் வாங்கிப் பார்க்க விட்டார்கள். எஃகால் ஆனது கைக்குக் கனமாக இருந்தது. டைட்டானியத்தால் ஆனது குழல்முனையில் தொங்கும்போது அந்தப் பாரம் தெரியவில்லை, ஆனால் விலை கூடுதல், தொடர்ந்து வேகமாகச் சுட்டுச் சூடேற்றுவதற்கும் அது அவ்வளவு ஏற்றதல்ல. நான் ஒரே ரைஃபிளில் நிதானமாகச் சுடுபவன் என்பதை அறிந்துகொண்ட பின் .30 காலிபர் (காலிபர் என்பது தோட்டாவின் விட்டம், அங்குலத்தில்) டைட்டானியச் சப்ரசரைப் பரிந்துரைத்தார்கள். .30க்கு உரியதைச் சிறிய .223 ரைஃபிளிலும் பொருத்தலாம், ஒலித் தணிப்பு சற்றுக் குறையும். சிறியதைப் பெரியதில் பொருத்தினால் தோட்டா உள்ளே மோதிவிடும். .22 வகைக்குத் தனியாகவே வாங்குங்கள், ஏனெனில் அந்தத் தோட்டாவின் ஈயமும் கரியும் உள்ளே படிந்துவிடும்; பிரித்துச் சுத்தம் செய்யக்கூடிய வகையாக அது இருக்க வேண்டும்.

என் ரைஃபிளின் குழல்முனை மரையை அளந்து, .30 காலிபரில் வழக்கமான ஐந்தின் கீழ் எட்டு அங்குலம், அங்குலத்துக்கு 24 மரைகள் என்று உறுதி செய்தார்கள். பிறகு மெல்லிய நேர்க்கம்பி ஒன்றைக் குழலுக்குள் செருகி, மாதிரிச் சப்ரசரைப் பூட்டி, அதன் முனைத் துளையில் கம்பி நடுவில் நிற்கிறதா என்று விளக்கொளியில் காட்டினார்கள். கம்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முதல் தோட்டாவே சப்ரசரைக் கிழித்துவிடலாம். எண்ணூறு டாலரை ஒட்டிய பொருளுக்கு இந்தச் சோதனையைக் கட்டணமில்லாமல் செய்து தருவது இந்தக் கடையின் மிகச் சிறந்த சேவை என்பேன்.

வாங்கும் நடைமுறைக்கு வருகிறேன். நான் தேர்ந்த மாதிரி வெளிமாநில விநியோகஸ்தரிடம் இருந்ததால், அது முதலில் டீலருக்கு டீலர் மாற்றும் மூன்றாம் படிவத்தின் வழியாகக் கடைக்கு வந்து சேர்ந்தது. அதன் வரிசை எண் தெரிந்த பிறகு என் பெயருக்கு மாற்றக் கேட்கும் நான்காம் படிவம். கடையிலுள்ள கைரேகை இயந்திரத்தில் பத்து விரல்களையும் பதித்து, அங்கேயே புகைப்படமும் எடுத்து, துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப்பின் மின்னணு விண்ணப்பத் தளத்தில் கடைக்காரரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து தாக்கல் செய்தோம். விண்ணப்பத்தின் நகல் உள்ளூர்க் காவல் தலைமைக்கு, எங்கள் வட்டாரத்தில் ஷெரிஃபுக்கு, அனுப்பப்பட்டது. 2016 ஜூலைக்கு முன்பு தனிநபர் விண்ணப்பங்களுக்கு அந்த அதிகாரியின் கையெழுத்தே தேவைப்பட்டது. அந்த மாதம் அமலான விதி அதைத் தகவல் தெரிவிப்பதாக மாற்றி, டிரஸ்டில் (ஒரு பொருளைப் பலர் சேர்ந்து வைத்திருக்க எழுதிக்கொள்ளும் சட்ட ஏற்பாட்டில்) பொறுப்பாளராக உள்ள ஒவ்வொருவரும் கைரேகையும் படமும் தர வேண்டும் என்று சேர்த்தது.

வரியைப் பற்றிப் பலருக்குப் பழைய தகவலே இருக்கிறது. 1934இல் விதிக்கப்பட்ட 200 டாலர் கைமாற்ற வரி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் சப்ரசர்களுக்கும் குறுங்குழல் ரைஃபிள்களுக்கும் ஷாட்கன்களுக்கும் அதைச் சுழியமாக்கியது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் வெடிகுண்டு வகைகளுக்கும் 200 டாலர் தொடர்கிறது. வரி போய்விட்டது என்பதால் விண்ணப்பமும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கைரேகை, படம், அனுமதி, பதிவு என எல்லாம் அப்படியே இருக்கின்றன. பதிவில்லாத சப்ரசரை வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை என்பதும் மாறவில்லை. டீலரிடம் சப்ரசர் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

தனிநபர் பெயரிலா, டிரஸ்ட் பெயரிலா என்ற கேள்விக்குக் கடைக்காரர் ஒதுக்கிய நேரம் எனக்கு மிகவும் பயன்பட்டது. தனிநபர் பெயரில் பதிவானால் சட்டப்படி அவர் ஒருவர் மட்டுமே அதை வைத்திருக்கலாம். கணவர் வெளியூர் போயிருக்கும்போது பெட்டகத்தின் எண் மனைவிக்குத் தெரிந்திருந்து, உள்ளே சப்ரசர் இருந்தால், மனைவி அதை வைத்திருப்பதாக வாதிட இடமுண்டு. டிரஸ்டில் மனைவியையும் பொறுப்பாளராகச் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். அதற்குப் பதிலாக இருவருமே கைரேகையும் படமும் கொடுத்து, தனிக் கேள்விப் படிவமும் நிரப்ப வேண்டும். ஹெச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் துணைவரைப் பொறுப்பாளராகச் சேர்ப்பதற்கு முன் முன்னே சொன்ன தடையை நினைவில் வையுங்கள். கடை ஒரு மாதிரி டிரஸ்ட் பத்திரத்தைச் சிறு கட்டணத்துக்குத் தருகிறது. ஆனால் வீடு, சேமிப்பு, பிள்ளைகள் என்று ஏற்கெனவே உயில் எழுதியவர்கள் அதைத் தங்கள் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடும்படி அவர்களே சொன்னார்கள். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். நான் டிரஸ்டையே தேர்ந்தேன்.

அனுமதி வரும்வரை சப்ரசர் கடையின் பெட்டகத்திலேயே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் காத்திருப்பு எட்டு, பத்து மாதங்கள் என்று நீண்டது. 2021 டிசம்பரில் மின்னணு நான்காம் படிவம் மீண்டும் தொடங்கியதும், பிறகு ஏடிஎஃப் தன் பணிமுறையை மாற்றியதும் சேர்ந்து அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. எனக்குச் சில வாரங்களில் மின்னஞ்சலில் அனுமதி வந்தது. இடைப்பட்ட காலத்தில் கடையின் சுடுதளத்தில், ஊழியரின் கண்காணிப்பில், நான் வாங்கிய அதே சப்ரசரை என் ரைஃபிளில் பூட்டிச் சுட்டுப் பார்க்க விட்டார்கள். பொருள் கடையின் பொறுப்பிலேயே இருப்பதால் இதற்குத் தடையில்லை. எல்லாக் கடைகளும் இதைச் செய்வதில்லை. கேட்டுப் பாருங்கள்.

வாங்கிச் செல்லும் நாளில் மறுபடியும் 4473 படிவம். அனுமதிக் கடிதத்தில் உள்ள வரிசை எண், சப்ரசரின் உடலில் பொறித்த எண், கடையின் பேரேட்டில் உள்ள எண் ஆகிய மூன்றையும் ஊழியர் உரக்கப் படிக்க, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பொருள் சட்டத்தின் கண்ணில் பதிவாகாத பொருளாகிவிடலாம். அனுமதியின் நகலைச் சிறிதாக அச்சிட்டு நெகிழி உறையிட்டு ரைஃபிள் பையில் வைத்துக்கொள்ளத் தந்தார்கள். மூலத்தை வீட்டில் பத்திரப்படுத்தச் சொன்னார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டு, 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குக் கிடைக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக விடுவது டெக்சாஸில் குற்றம் என்பதையும் நினைவூட்டினார்கள். கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டு அல்லது பாதுகாப்புச் சாதனம் சேர்த்துத் தருவது உரிமம் பெற்ற கடைகளின் கூட்டாட்சிக் கடமை. ரைஃபிளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும் கம்பிப் பூட்டு ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

மாநிலச் சட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வேலை மாறி மாநிலம் மாறுவது நம் வாழ்க்கையின் வழக்கம். பொதுமக்கள் சப்ரசர் வைத்திருக்க 42 மாநிலங்கள் அனுமதிக்கின்றன. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், டெலவேர், ஹவாய் ஆகிய எட்டும் அனுமதிப்பதில்லை. நியூ ஜெர்சியின் எடிசனிலோ கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலோ இருக்கும் வாசகருக்கு இந்த மதிப்புரையின் சப்ரசர் பகுதியால் பயனில்லை. டெக்சாஸிலிருந்து அங்கே மாற்றலாகப் போகிறவர், மூட்டை கட்டுவதற்கு முன்பே சப்ரசரை விற்கவோ, அனுமதிக்கும் மாநிலத்தில் உரிய முறையில் விட்டுச் செல்லவோ ஏற்பாடு செய்தாக வேண்டும். சாதாரணத் துப்பாக்கிக்கே அங்கெல்லாம் தனி நடைமுறை உண்டு. நியூ ஜெர்சியில் வாங்குபவர் அடையாள அட்டை, இல்லினாய்ஸில் துப்பாக்கி உரிமையாளர் அட்டை, கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு. கைத்துப்பாக்கியை வெளிமாநிலக் கடையில் வாங்கி நேராக எடுத்து வர முடியாது. உங்கள் மாநிலத்து டீலருக்கு அனுப்பி, அவர் வழியாகத்தான் பெற வேண்டும். இணையத்தில் வாங்கும் துப்பாக்கிக்கும் இதே வழி. அதற்கு இந்தக் கடை 35 டாலர் கேட்கிறது, நியாயமான தொகை.

டெக்சாஸ் 2021இல் தன் மாநிலத் தடைப்பட்டியலிலிருந்து சப்ரசரை நீக்கிவிட்டதே, பிறகு எதற்கு ஏடிஎஃப் என்று அந்தக் கடையில் என் முன்னிலையிலேயே ஒருவர் வாதிட்டார். கடைக்காரர் கான்சஸ் வழக்கைச் சொன்னார். 2013இல் கான்சஸ் இயற்றிய சட்டத்தை நம்பி, மாநிலத்துக்குள்ளேயே செய்து விற்ற சப்ரசர் ஒன்றைப் பதிவில்லாமல் வாங்கியவரும் விற்றவரும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றவாளிகளாயினர். 2018இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. துப்புரவுக் கருவி என்ற பெயரில் இணையத்தில் மலிவாக வரும் உருளைகளையும் அவர் அதே மூச்சில் எச்சரித்தார். ஏடிஎஃப் அவற்றில் பலவற்றைப் பதிவில்லாத சப்ரசர்களாகவே கருதி நடவடிக்கை எடுத்திருக்கிறது. விற்பனையை இழக்கும் பயமில்லாமல், கேட்டவரிடம் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி அனுப்பிய அந்தக் கடைக்காரரைத்தான் நான் மீண்டும் தேடிப் போகிறேன்.

குறைகளும் உண்டு. கையிருப்பு குறைவு, பெரிய கடைகளில் கண்முன்னே இருக்கும் மாதிரிகளுக்கு இங்கே வரவழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். விலையிலும் இணையத்தைவிட சற்றுக் கூடுதல். ஞாயிறும் திங்களும் மூடியிருப்பதால் வார நாளில் அலுவலகத்திலிருந்து அனுமதி பெற்றே போக முடிகிறது. டிரஸ்ட் பொறுப்பாளர்கள் அனைவரும் கைரேகைக்கு நேரில் வர வேண்டும் என்பதால், பள்ளி விடும் நேரத்துக்குள் என் மனைவியும் நானும் சேர்ந்து போவது எளிதாக இல்லை. தொலைபேசியை எடுப்பதில் மெத்தனம். மின்னஞ்சலுக்கு மட்டும் அன்றன்றே பதில் வருகிறது. முதல் துப்பாக்கியை வாங்குகிறவருக்கும், படிவத்தில் எழுதும் பெயரைப் பற்றியோ விசாவைப் பற்றியோ சிறு ஐயமாவது இருப்பவருக்கும், இப்படிப்பட்ட கடையைத்தான் பரிந்துரைப்பேன். எல்லாம் தெரிந்து, ஏற்கெனவே பல அனுமதிகள் பெற்று, விலையை மட்டும் பார்க்கிறவர்கள் வேறிடம் பார்க்கலாம். ஆனால் அங்கேயும் கல்லாவுக்குப் பின்னால் இரண்டு காகிதங்களும் இருக்கின்றனவா, அவற்றின் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.